விளம்பரத்தின் வெளுப்பும் நம் பெண்களின் முகமும்

(கிருஷ்ணன்கோவிலில் நடைபெற்ற வெள்ளி விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



பெண் கல்வி என்னும் தலைப்பில் நான் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அத்தலைப்பின்கீழ் ஒரு பகுதியை மட்டும், அதாவது நம் பெண்கள் தம் முகத்தையும் நிறத்தையும் பற்றிக் கொண்டிருக்கும் தாழ்வெண்ணத்தையும், அதை வளர்த்துக் காசாக்கும் விளம்பரங்களையும் பற்றி மட்டும், பேச உங்கள் இசைவை வேண்டுகிறேன். படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். கிருஷ்ணன் என்னும் வடசொல்லுக்குக் கறுத்தவன் என்பது பொருள். தமிழர் அத்தெய்வத்தை மாயோன் என்றார்கள். அதற்கும் அதுவே பொருள். ஆகவே கறுப்பன் கோயில் என்று பெயர் கொண்ட ஓர் ஊரில்தான் நாம் இருக்கிறோம். ஆனால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அக்கண்ணன் என்ன நிறத்தில் இருக்கிறான்? இளநீலத்தில் இருக்கிறான். அவனருகில் நிற்கும் பெண்கள் ரோசா நிறத்தில் இருக்கிறார்கள். கறுப்பு என்று பெயரிலேயே கொண்ட தெய்வத்துக்குக்கூட அச்சகத்தில் அந்த நிறத்தை வைக்க மனம் வரவில்லை என்றால், பத்தாம் வகுப்பில் படிக்கும் நம் வீட்டுப் பெண்ணின் நிலை என்ன?

பழந்தமிழில் நிலைமை இவ்வாறு இல்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் நிறத்துக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். மாமரத்தின் கொழுந்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செம்மை கலந்த, மினுமினுப்பான, கறுப்பை நோக்கிச் செல்லும் நிறம் அது. மாயோள் என்றே தலைவியைக் குறிக்கும் பாடல்களும் உண்டு. அந்த மாமையைக் கெடுக்க வரும் நோய்க்குப் பசலை என்று பெயர். தலைவன் பிரிந்தபோது தலைவியின் மேனி வெளிறிப் பொன்னிறம் பூத்தால், தோழி கலங்குகிறாள்; தாய் மருந்து தேடுகிறாள். திருக்குறளில் அந்நோய்க்கென்றே பசப்புறு பருவரல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அன்று வெளிறுவது நோய். இன்று வெளிறுவதற்குக் களிம்பு விற்கிறார்கள்! இவ்வளவு நேர்மாறான ஒரு திருப்பம் ஒரு மொழியின் வாழ்வில் நிகழ்ந்திருப்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்வதில்லை. பொழிப்புரை எழுதச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

மாமை என்ற சொல் அடியோடு அழிந்துவிடவும் இல்லை. மாநிறம் என்னும் உருவில் இன்றும் வாழ்கிறது. எங்கே வாழ்கிறது தெரியுமா? மணமகள் தேவை விளம்பரத்தில். 'மாநிறம்' என்று பெண் வீட்டார் எழுதினால், சற்றுக் குறைதான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது பொருள். ஒரு காலத்தில் பெருமையாக இருந்த சொல் மன்னிப்புக் கேட்கும் சொல்லாகிவிட்டது.

இத்திருப்பம் எப்படி நேர்ந்தது? வெள்ளையன் ஆண்டதால் வந்தது என்று எல்லாவற்றையும் அவன் தலையில் போட்டுவிடுவது எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் முழு உண்மை அன்று. வெயிலில் நாற்று நட்டவளும் பருத்தி எடுத்தவளும் கறுத்தாள். நிழலில் இருந்து கூலி அளந்தவர் வீட்டுப் பெண் வெளுப்பாக இருந்தாள். ஆகவே நிறம் என்பது யார் உழைக்கிறார்கள், யார் உழைக்காமல் உண்கிறார்கள் என்பதைத் தெருவில் அறிவிக்கும் பலகையாயிற்று. அதன்மேல் சாதி ஏறி உட்கார்ந்தது. கறுத்திருக்கும் உயர்சாதியாரையும் வெளுத்திருக்கும் நம்மவரையும் சேர்த்து இழிவுபடுத்தும் ஒரு பழமொழி தமிழ்நாட்டில் உண்டு. இம்மேடையில் அதைச் சொல்லி என் நாவை மாசுபடுத்த விரும்பவில்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இன்ன சாதிக்கு இன்ன நிறம் என்று முன்பே தீர்மானித்து வைத்துக்கொண்டு, அதற்கு மாறாக இருப்பவரைச் சந்தேகிக்கும் மனம்தான் அப்பழமொழியைப் பெற்றது.

இந்தத் தீர்மானம் பொய் என்பதை அண்ணல் அம்பேத்கர் அறிவியல் அளவுகளைக் கொண்டே காட்டினார். 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்திய ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி, இந்தியரின் மூக்கை அளந்து, மூக்கின் அகலம் கூடக் கூடச் சாதியின் படி இறங்குகிறது என்று கோட்பாடு வகுத்தார். மூக்கை அளந்து மனிதனின் தகுதியை முடிவு செய்த காலம் அது. தீண்டப்படாதார் யார் என்பதை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில், அதே மூக்களவுகளை எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதாரும் வெவ்வேறு இனத்தவர் என்னும் கொள்கை நிற்காது என்று அண்ணல் நிறுவினார். அதற்கு 2 ஆண்டுகள் முன்பு சூத்திரர் பற்றி எழுதிய நூலிலும், வருணம் என்றால் தோலின் நிறமே என்று பிறர் கட்டிய வாதத்தை அவர் ஏற்கவில்லை. நம் வீடுகளில் அண்ணலின் படம் இருக்கிறது. அவருடைய இந்த வாதம் எத்தனை வீடுகளில் இருக்கிறது?

இனி, படங்கள் எப்படி வெளுக்கின்றன என்னும் தொழிலைக் கொஞ்சம் பார்ப்போம். பெண்பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

பழைய நாளில் திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் இருந்த ஸ்டுடியோக்களில் பெண் பார்க்க அனுப்பும் படம் எடுப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படம். படம் எடுத்த பிலிமில், அதாவது நெகட்டிவில், எல்லாம் தலைகீழாக இருக்கும். வெளுத்த இடம் கறுப்பாகவும், கறுத்த இடம் கண்ணாடி போலத் தெளிந்தும் தெரியும். ஸ்டுடியோக்காரர் அந்த நெகட்டிவைச் சாய்வான ஒரு மேசையில், பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, கூர்மையாகச் சீவிய பென்சிலால் கன்னத்தின் நிழலிலும் கண்ணடிக் கருமையிலும் மெல்ல மெல்லத் தேய்ப்பார். தேய்த்த இடத்தில் ஒளி புகாது. அச்சிட்டால் அவ்விடம் வெளுத்துவிடும். 'டச்சப்' என்று இதற்குப் பெயர். பென்சில் முனை அளவே உள்ள வேலைதான். ஆனால் அந்த முனையில்தான் எத்தனையோ பெண்களின் திருமணம் நிச்சயமாயிற்று. பெண்ணை நேரில் பார்த்தபின் 'படத்தில் வேறு மாதிரி இருந்ததே' என்று கேட்டு, நிறத்துக்கு ஈடாக இன்னும் சில சவரன் கூட்டிக் கேட்ட கதைகளும் உங்களுக்குத் தெரியும். ஸ்டுடியோக்காரரின் பென்சிலுக்கு உரிய கூலியைப் பெண்ணின் தகப்பனார் இரண்டாம் முறையாகப் பொன்னில் கொடுத்தார்.

வண்ண அச்சு வந்தபின் தொழில் விரிந்தது. நம் மாவட்டத்துச் சிவகாசியில் இதைக் கண்ணால் காணலாம். வண்ணப் படம் நான்கு மைகளால் அச்சாகிறது: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. முகத்தில் நீலத்தையும் கறுப்பையும் குறைத்தால் தோல் ரோசா நிறமாகிவிடும். அவ்விரண்டையும் உள்ளபடி விட்டால் மாநிறமும் கறுப்பும் உண்மையாக வரும். ஆகவே வெளுத்த முகம் என்பது இயந்திரத்தின் இயல்பு அன்று. இன்ன மை இவ்வளவு போதும் என்று ஒரு மனிதர் எடுத்த முடிவு. கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த கொண்டையராஜு போன்ற பெரும் ஓவியர்களும் அவர் வழிவந்தவர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சில் நாடெங்கும் சென்றன. அவர்களின் கைத்திறன் போற்றுதற்குரியது. எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்நாட்காட்டிகளை அடுக்கி, தகடு அடித்து, கட்டுக் கட்டி அனுப்பிய கைகளில் நம் பெண்களின் கைகளும் உண்டு. அக்கைகளின் நிறம் அப்படங்களில் எங்கும் இல்லை.

பிலிமே நேர்மையாக இல்லை என்பது அடுத்த செய்தி. அமெரிக்காவின் கோடாக் நிறுவனம், படம் கழுவும் கடைகளில் நிறம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அதற்கு ஷெர்லி அட்டை என்று பெயர். அப்பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த தோலில் உள்ள நுண்ணிய வேறுபாடுகள் அந்தப் பிலிமில் பதியவில்லை. வெள்ளைக்காரக் குழந்தையும் கறுப்பினக் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஒரு குழந்தைக்கு முகமும் மற்றதற்குக் கண்ணும் பல்லும் மட்டுமே தெரியும். இக்குறையைத் திருத்தும்படி நிறுவனத்தை நெருக்கியவர்களில் முதன்மையானவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் செய்வோரும் மரச்சாமான் விற்போரும்! தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் படத்தில் ஒன்றுபோல வருகின்றன என்று அவர்கள் குறை சொன்னார்கள். மனிதர்களின் முகத்துக்குக் கிடைக்காத நீதி மேசைக்கும் நாற்காலிக்கும் கிடைத்தது. நம் பள்ளிகளின் பழைய குழுப் படங்களில் பின்வரிசைப் பிள்ளைகளின் முகம் இருண்டு கிடப்பதைப் பார்த்து, 'இவன் இவ்வளவு கறுப்பா?' என்று சிரிப்பவர்கள் இச்செய்தியை அறிய வேண்டும்.

இன்னும் கொடிய செய்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கு நிறவெறி அரசு கறுப்பின மக்கள் ஒவ்வொருவரையும் படம் ஒட்டிய ஒரு பாஸ் புத்தகத்தைச் சுமந்து திரியச் செய்தது. அது இல்லாமல் நகரத்துக்குள் நுழைந்தால் சிறை. அப்படங்களை எடுக்கப் போலராய்டு என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கருவி பயன்பட்டது. 1970இல் அந்நிறுவனத்திலேயே வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களான காரலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்னும் இருவர் இதைக் கண்டறிந்து கிளர்ச்சி தொடங்கினார்கள். 7 ஆண்டுகள் கழித்து, 1977இல், நிறுவனம் அந்நாட்டை விட்டு வெளியேறிற்று. விளம்பரத்துக்காகப் படம் எடுக்கும்போது நம்மைக் காணாத நிழற்படக் கலை, அடையாளம் காட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் நம் போன்றவரைக் கூர்ந்து கண்டது.

இனி நம் நாட்டுக் களிம்புக்கு வருவோம். 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லி என்னும் முகப்பூச்சைக் கடைக்குக் கொண்டுவந்தது. தமிழில் அதற்குச் 'சிவப்பழகு' என்று ஒரு சொல்லை விளம்பரக்காரர்கள் பழக்கினார்கள். அழகு என்ற சொல்லோடு நிறத்தை ஒட்டித் தைத்துவிட்டால், கறுப்பழகு என்று ஒன்று இருக்க முடியாது என்று கேட்பவர் மனம் தானே முடித்துக்கொள்ளும். விளம்பரங்களின் கதையும் ஒன்றே. ஓர் ஏழைத் தந்தை, எனக்கு ஒரு மகன் இருந்தானில்லையே என்று பெருமூச்சு விடுகிறார். கறுத்த மகள் கேட்டு வாடுகிறாள். களிம்பு பூசுகிறாள். முகம் படிப்படியாக வெளுக்கிறது. விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது. தந்தையை நல்ல உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறாள். இதில் அவள் படித்த படிப்பு எங்கே? எழுதிய தேர்வு எங்கே? இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் இரவுப் பள்ளி நடத்தியும், புத்தகம் வாங்கிக் கொடுத்தும் சொல்லி வந்ததை அந்த அரை நிமிடக் கதை அழித்துவிடுகிறது. படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தொடக்கத்தில் கேட்டவர்களுக்கு விடை இதுவே.

இதை எதிர்த்துப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் முறையீடு செய்து போராடியதன் விளைவாக 2003இல் அவ்விளம்பரம் நிறுத்தப்பட்டது. 2009இல் சென்னையில் 'கறுப்பே அழகு' என்னும் பொருள்படும் ஓர் இயக்கத்தை விமன் ஆஃப் வொர்த் என்னும் பெண்கள் அமைப்பு தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்து குரல் கொடுத்தபின் நாடெங்கும் பேச்சாயிற்று. விளம்பரத் துறையினர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட தர மன்றம் 2014இல் நெறிமுறை வகுத்தது. கறுத்த பெண்ணை வாட்டமுற்றவளாகவோ தாழ்ந்தவளாகவோ காட்டக் கூடாது. படத்தைத் திருத்திக் களிம்பின் பயனை மிகைப்படுத்தக் கூடாது. தோலின் நிறத்தை எந்தப் பொருளாதாரப் பிரிவோடும், சாதியோடும், சமயத்தோடும், தொழிலோடும் இணைத்துக் காட்டக் கூடாது என்பன அதன் விதிகள். சாதி என்னும் சொல் அங்கே எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். நிறத்துக்குள் சாதி இருக்கிறது என்று நாம் சொன்னால் மிகை என்பார்கள். விளம்பரக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் காவலரின் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறி மாண்டபோது உலகமெங்கும் எழுந்த கொந்தளிப்பில், அக்களிம்பின் பெயரையும் மாற்றினார்கள். ஃபேர் போய் குளோ வந்தது. திருமணத் தொடர்பு நடத்தும் ஷாதி டாட் காம் நிறுவனமும் அதே ஆண்டில் நிறத்தைக் கொண்டு பெண் தேடும் வசதியை நீக்கிற்று. பெயர் மாற்றத்தில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி இல்லை. வெளுப்பு என்று சொல்லாமல் பொலிவு என்று சொல்லி அதே சரக்கை விற்க முடியும் என்பது வணிகருக்குத் தெரியாதா? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 45 ஆண்டுகள் கூசாமல் உச்சரித்த ஒரு சொல்லை அவர்கள் உச்சரிக்கக் கூசும் நிலைக்கு வந்தார்கள். அது தானாக நிகழவில்லை. பல பெண்கள் பேசியதால் நிகழ்ந்தது.

வெளிநாடுகளில் படம் திருத்துவதையே சட்டம் கேள்வி கேட்கிறது. இஸ்ரேல் 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. பிரான்சில் 2017 அக்டோபர் முதல், விளம்பரப் பெண்ணின் உடலைக் கணினியில் மெலியவோ பருக்கவோ செய்தால் 'திருத்திய நிழற்படம்' என்று படத்திலேயே அச்சிட வேண்டும். நார்வேயில் 2021இல் சட்டமாகி 2022 சூலை முதல் நடப்புக்கு வந்த விதியில், உடலின் அளவு, வடிவம் ஆகியவற்றோடு தோலைத் திருத்துவதும் சேர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2011இல் ஜூலியா ராபர்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற நடிகையின் முகப்பூச்சு விளம்பரத்தையே, படம் மிகையாகத் திருத்தப்பட்டது என்று கண்டு தடுத்தார்கள். உலகத்தின் பேரழகிகளுள் ஒருவர் என்று சொல்லப்படுபவரின் முகமே விளம்பரத்துக்குப் போதவில்லை! அப்படியானால் அவ்விளம்பரத்தில் இருக்கும் முகம் இவ்வுலகில் எவருக்கும் உரியது அன்று. இல்லாத ஒருத்தியோடு தன்னை ஒப்பிட்டு நம் பெண் வாடுகிறாள்.

ஆனால் அன்பர்களே, இன்று கம்பெனிக்காரனை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிட முடியாது. டச்சப் பென்சில் இப்போது நம் சட்டைப்பையில் இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்தால், கேளாமலேயே சில கருவிகள் தோலை மழுக்கி வெளுப்பாக்கித் தருகின்றன. பூப்புனித நீராட்டு விழாவுக்குத் தெருமுனையில் வைக்கும் பிளக்ஸ் பலகையைப் பாருங்கள். அண்ணலின் படத்துக்குக் கீழே, தாய்மாமன்களின் கும்பிட்ட கைகளுக்கு நடுவே, சுண்ணாம்பு பூசியது போன்ற முகத்தோடு ஒரு பெண் நிற்கிறாள். உடன் படிக்கும் பிள்ளைகள் 'இது யார்?' என்று கேட்கிறார்கள். பலகைக் கடைத் தம்பியைக் கேட்டால், 'வெளுப்பாக்காமல் கொடுத்தால் பெண் வீட்டார் வாங்க மாட்டேன் என்கிறார்கள் ஐயா' என்கிறான். அவன் சொல்வது பொய் அன்று.

நம் மலர்க்குழுவினரிடம் வந்து சேர்ந்த படங்களும் அவ்வகையே. கழகத்தின் உதவியால் படித்து ஆசிரியராகவும் செவிலியராகவும் காவல்துறையிலும் பணிபுரியும் நம் பெண்களின் படங்களைப் பார்த்து பெயர் எழுதச் சொன்னார்கள். ஐந்தாறு ஆண்டுகள் என் கண்முன் வகுப்பில் அமர்ந்திருந்தவர்களில் சிலரை என்னால் அடையாளம் காண இயலவில்லை. நெற்றித் தழும்பு இல்லை, கன்னத்து மச்சம் இல்லை, நிறமும் இல்லை. ஒரு பெண் படமே அனுப்பவில்லை. கிராமத்தில் இரவு பகல் பாராமல் பிரசவம் பார்க்கும் செவிலியர் அவர். 'பெயர் மட்டும் போடுங்கள் ஐயா, படம் வேண்டாம். எல்லாரும் பளிச்சென்று இருக்கும் இடத்தில் நான் மட்டும் கறுப்பாகத் தெரிவேன்' என்று சொல்லியனுப்பினார். பிறர் படங்களை வெளுப்பாக்கியதால் மலரில் இடமிழந்தவர் இவர். அதனால்தான் மலர்க்குழுவினருக்கு ஒரு கோரிக்கை வைத்தேன், அவர்களும் ஏற்றார்கள். வந்த படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்லாரையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே சுவருக்கு முன், திருத்தம் எதுவுமின்றிப் படம் எடுத்து, முகத்தில் மையைக் குறைக்கக் கூடாது என்று அச்சகத்தாரிடம் எழுதியே கொடுப்பது என்பது முடிவு. செவிலியரும் வர இசைந்திருக்கிறார். மலர்க்குழுவில் ஒருவர், 'நன்கொடையாளர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?' என்று கேட்டார். நன்கொடையாளர்கள் நம் பிள்ளைகளின் படிப்புக்குத் தந்தார்கள் என்பதே என் விடையாக இருந்தது.

இதுவரை சொன்னவை மனத்தைப் பற்றியவை. உடலைப் பற்றிய பகுதியை இனிச் சொல்கிறேன். இதை முடிவில் வைத்ததற்குக் காரணம், வீட்டுக்குப் போகும்போது இதாவது நினைவில் நிற்க வேண்டும் என்பதே.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதை உண்டாக்கும் உயிரணுக்கள் வெள்ளையருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை உண்டாக்கும் அளவில்தான் வேறுபாடு. வெயிலின் தீய கதிர்களிலிருந்து தோலைக் காக்கும் குடை அது. வயலிலும் சாலைப் பணியிலும் நிற்கும் பெண்ணுக்கு அக்குடை அவசியம். அதைக் கிழிக்கும் மருந்துகள் எப்படிக் கிடைத்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில், ரப்பர் கையுறை அணிந்து வேலை செய்த தொழிலாளர்களின் கைகள் திட்டுத் திட்டாக வெளுத்தன. கையுறை ரப்பரில் கலந்திருந்த ஒரு வேதிப்பொருளே காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். ஒரு தொழிலாளிக்கு நோயாக வந்ததைப் பின்னாளில் அதன் உறவான ஹைட்ரோகுவினோன் என்னும் பொருளைக் கொண்டு அழகாக விற்றார்கள். தோல் பதனிடும் தொழிலை அறிந்த நம் மக்களுக்கு இதன் பொருள் விளங்கும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்தவர்களும் தோல் மருத்துவர்களும் சேர்ந்து போராடியதன் பயனாக 1990இல் இத்தகைய வெளுப்புப் பூச்சுகளைத் தடை செய்யும் விதி பிறந்தது.

நம் நாட்டில் இன்று அஞ்ச வேண்டியவை இரண்டு. ஒன்று பாதரசம். முகப்பூச்சில் பாதரசத்தை வேண்டுமென்றே சேர்க்கக் கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மிகக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதி. ஆயினும் முகவரியற்ற டப்பாக்களில் அது வருகிறது. மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுப்பதால் சில நாளிலேயே முகம் வெளுக்கும். வாங்கியவள் மகிழ்ந்து தோழிக்கும் சொல்வாள். பாதரசம் தோல் வழியே புகுந்து சிறுநீரகத்தில் தங்கும். கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரே வகைக் குறி தென்பட்டது. அப்பதினைந்து பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரில் நுரையாகவும் காலில் வீக்கமாகவும் வெளிவந்தது. மலப்புறம் நமக்குத் தொலைதூரம் அன்று.

இரண்டாவது, ஸ்டீராய்டு கலந்த களிம்பு. கரப்பானுக்கு மருத்துவர் சில நாள் மட்டும் எழுதிக் கொடுக்கும் மருந்து இது. மருந்துக் கடையில் 'முகம் பளிச்சென்று ஆக' என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து சிவந்து எரியும். பெண்களின் முகத்தில் மயிர் வளரும். விட்டுவிட்டால் முன்னைவிடக் கறுத்துக் கொப்புளிக்கும். பயந்து மீண்டும் பூசுவார்கள். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாது என்று அறிவித்தது. அறிவிப்பு இருந்தும் சீட்டைக் கேட்காமல் கொடுக்கும் கடைகள் உண்டு.

தாய்மார்கள் தயைகூர்ந்து இன்றிரவு வீட்டில் உள்ள டப்பாவை எடுத்துப் பாருங்கள். செய்தவர் பெயர், முகவரி, உரிம எண், கலந்துள்ள பொருள்களின் பட்டியல், காலாவதி நாள் ஆகியவை இல்லையென்றால் அதைப் பூச வேண்டாம். பட்டியலில் மெர்க்குரி, கலோமல் என்ற சொற்களோ, பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்பவையோ இருந்தால் ஆங்கிலம் படித்த உங்கள் மகளைக் கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் பூசி வந்தவர்கள் திடீரென்று தாமாக நிறுத்தாமல், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டி, மருத்துவர் சொற்படி நிறுத்த வேண்டும். கால் வீங்கினால் நாளைக் கடத்தாமல் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். டப்பாவையும் உடன் கொண்டு போங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவருக்குக் காரணம் தெரியாது.

ஏமாற்று விளம்பரத்தைக் கண்டால் முறையிட 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் முறை 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடமுண்டு. நம்மால் ஆகுமா என்று மலைக்க வேண்டாம். தில்லியில் ஒருவர் 2013இல் 79 ரூபாய் கொடுத்து ஆண்களுக்கான வெளுப்புக் களிம்பு ஒன்றை வாங்கிப் பூசி, விளம்பரத்தில் சொன்னபடி வெளுக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார். 2024 டிசம்பரில் அங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் அந்நிறுவனத்துக்கு 14.5 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. வாங்கிய ரசீதும் அட்டைப்பெட்டியும் இருந்தால் போதும்; முறையீட்டை எழுதுவதற்கு நம் கழகத்தின் வாசகசாலையில் ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் நான் இருப்பேன். பேனாவும் தாளும் அங்கேயே இருக்கும்.